நேரத்தில் கை வைக்காதீர்கள்

பிரசார் பாரதி தலைமைக்கும், ஆகாஷ்வாணி தலைமை இயக்குநருக்கும், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வானொலியில் பாட்டு குறைந்துவிட்டது என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, எப்போது திருப்பினாலும் ஏதோ ஒன்று பாடிக்கொண்டுதான் இருக்கிறது. குறைந்துகொண்டே வருவது இசை நிகழ்ச்சி. இந்தக் கிழமை, இந்த மணி, இன்னாருடைய குரல், இந்த வகைச் சங்கீதம் என்று வருஷக்கணக்கில் மாறாமல் வரும் நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதைக் காப்பாற்ற உங்களுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது என்பதுதான் இந்த மடலின் சாரம். அதனால்தான் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

நீண்டகாலமாக வரும் இசை நிகழ்ச்சியை யாரும் ஒரே கையெழுத்தில் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் பத்திரிகையில் வரும், யாராவது ஒரு எம்.பி. கேள்வி எழுப்புவார். அதனால் வேறு விதமாக நடக்கிறது. முதலில் ஒரு மணி நேரம் முக்கால் மணியாகும். அப்புறம் அரை மணி. அடுத்து கிழமை மாறும். பிறகு உரை, விழா, விளையாட்டு வர்ணனை என்று மாதத்தில் இரண்டு வாரம் வராது. வராத நாளில் ‘இன்று வராது’ என்று சொல்லவும் ஆள் இருக்காது. இதற்குள் அந்த நிகழ்ச்சியை வழங்கியவர் ஓய்வு பெற்றிருப்பார். அவர் பேசிய இடத்தில் கணினியில் ஏற்றி வைத்த உருப்படிகள் வரிசையாக ஓடும். கடைசியில் ஒரு நாள், ‘இதற்கு நேயர்கள் இல்லை’ என்று கோப்பில் ஒரு குறிப்பு ஏறும். குறிப்பு பொய்யில்லை. எப்போது வரும் என்றே தெரியாத பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் யார் நிற்பார்கள்?

உங்கள் நிலையங்களில் ‘ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட்’ என்று ஒன்று உண்டு. எந்தக் கிழமை எந்த மணிக்கு என்ன என்பதைக் கட்டம் போட்டு வைத்திருக்கும் தாள். ஒரு காலத்தில் அந்தத் தாளில் ஒரு கட்டத்தை மாற்றுவது சாதாரணக் காரியமில்லை என்று பழைய நிலைய ஊழியர்கள் சொல்வார்கள். மேலே எழுத வேண்டும், காரணம் காட்ட வேண்டும். இன்று அது பென்சிலில் எழுதிய தாள் மாதிரி இருக்கிறது. எல்லா நிலையமும் அப்படி என்று சொல்லவில்லை. இன்னும் கட்டம் தவறாமல் நடத்துகிற நிலையங்களும் இருக்கின்றன. அங்கே அந்தப் பிடிவாதம் ஒருவர் இருவருடைய சொந்தக் குணத்தால் நடக்கிறது, நிறுவனத்தின் விதியால் நடக்கவில்லை. அவர்கள் பணி ஓய்வு பெறும் நாள் வரைதான் அதற்கு ஆயுள்.

பழங்காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. பொது வானொலி இசை விஷயத்தில் செய்த அசட்டுத்தனங்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அது தளர 1971 வரை ஆயிற்று. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். திரைப்படப் பாடல்களுக்குக் கெடுபிடி வந்தது, தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றியது, அகில இந்திய வானொலியில் (இன்றைய ஆகாஷ்வாணிதான்) சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. நேயர்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே ரேடியோ சிலோனில் அமீன் சயானி இந்திப் பாட்டு வரிசையைத் தொடங்கி, வாரம் ஒருநாள் நாட்டையே கட்டிப் போட்டார். தமிழில் மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று குரலைக் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடும் அறிவிப்பாளர்கள். ‘பொங்கும் பூம்புனல்’ வரும் நேரத்தை வைத்துக் காலை வேலையைத் திட்டமிட்ட வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஐந்து வருஷம் கழித்து, 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவையை ஆரம்பித்துத்தான் ஓடிப்போன நேயர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது.

இந்தக் கதையைச் சினிமாப் பாட்டு ஜெயித்த கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சிலோன்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். சொன்ன குரலோடு வந்தார்கள். சிற்றலையில் கரகரவென்று, ஏறியும் இறங்கியும் கேட்ட பாட்டுக்கு அத்தனை பேர் காத்திருந்தார்கள் என்றால் ஒலித்தரம் காரணமாக இருக்க முடியாது.

அதே கேஸ்கர்தான் 1952 ஜூலையில் தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி நேரக் கச்சேரி, நாடு முழுக்க ஒரே நேரத்தில். 1954 முதல் வானொலி சங்கீத சம்மேளனம். தணிக்கை மாதிரி வித்வான்களுக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரித்ததில் ஏகப்பட்ட மனவருத்தம் உண்டாயிற்று. ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர் இந்துஸ்தானி கியாலையும், போபாலில் இருந்தவர் ராகம் தானம் பல்லவியையும் வீட்டில் உட்கார்ந்தபடி கேட்டது அந்தச் சனிக்கிழமை இரவுகளில்தான். கேஸ்கருடைய ரசனையோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர் ஒரு முடிவை எடுத்து, அதைத் தன் முடிவு என்று சொல்லி, ஏச்சும் வாங்கிக்கொண்டார். இப்போது யாருடைய முடிவு என்றே தெரியாமல் நிகழ்ச்சிகள் தேய்கின்றன. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. இரவுக் கச்சேரி. பாடகி காம்போதியை நிதானமாக ஆலாபனை செய்து, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் எல்லாம் முடித்து, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு விட்டார். மிருதங்கம் முதல் சுற்றை முடித்துக் கடத்துக்குக் கொடுத்தது. கடக்காரர் நாலு தாள வட்டம் வாசித்திருப்பார். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்குத் திருப்பி, ஏதோ ஒரு கணக்கை மெதுவாகக் கட்ட ஆரம்பித்தார். நான் விரலை மடக்கி எண்ணத் தொடங்கியபோது சத்தம் மெல்ல இறங்கியது. ஒரு விளம்பரம். பிறகு ஏதோ திட்டத்தைப் பற்றி ஓர் அறிவிப்பு. அப்புறம் நேராக ஒரு பழைய திரைப்படப் பாடல். பாடியவர் யார், வாசித்தவர்கள் யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு முடிய வேண்டிய கோர்வை எங்கே போய் விழுந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கச்சேரியை நடுவில் இறக்குவது வானொலியில் புதிதில்லைதான். மணியானால் செய்தி, அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அதற்கென்று ஒரு பழக்கம் இருந்தது. வித்வான்கள் ஒரு கண்ணை ஸ்டூடியோ கடிகாரத்தில் வைத்துக்கொண்டே பாடுவார்கள். அரை மணிக் கச்சேரி என்றால் தொடக்க வர்ணத்திலிருந்து கடைசித் துக்கடா வரை எப்படிப் பொட்டலம் கட்டுவது என்பதே ஒரு தனிக் கலை. இரண்டு நிமிடம் மீந்தால் நிலைய வித்வான் இருக்கவே இருக்கிறார், வீணையிலோ வயலினிலோ அதை நிரப்பிவிடுவார். நிலைய வித்வானை வைத்து ஊரெல்லாம் நகைச்சுவை பண்ணியாயிற்று. இன்று பல நிலையங்களில் அந்த நாற்காலியே காலி. கேலி செய்யக்கூட ஆள் இல்லை.

அறிவிப்புக்கு வருகிறேன். பாடல், ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் வாசிப்பவர்கள். முப்பது விநாடிக்கு மேல் ஆகாது. தமிழ்நாட்டில் சங்கீதம் முறையாகக் கற்றுக்கொள்ளாத எத்தனையோ பேருக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியும். பாதிப்பேருக்கு அந்த முப்பது விநாடிதான் குரு. ஆலாபனை தொடங்கியதும் வீட்டில் போட்டி நடக்கும், தோடி என்று ஒருவர், இல்லை தன்யாசி என்று இன்னொருவர். கடைசியில் அறிவிப்பாளர் தீர்ப்பு வழங்குவார். அறிவிப்பு இல்லாமல் ஓடும் பாட்டில் இந்த விளையாட்டு நடக்காது. ராகம் தெரிந்தவர் தெரிந்தவராகவே இருப்பார், தெரியாதவர் தெரியாதவராகவே போவார்.

பெயர் சொல்லாமல் விடுவது கலைஞருக்கு எத்தனை பெரிய இழப்பு என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் முழுசாகத் தெரியாது. கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ‘வானொலி புகழ்’ என்று போட்டுத்தான் நாதஸ்வரக்காரர் பெயரையும் தவில்காரர் பெயரையும் அச்சடித்திருப்பார்கள். வில்லுப்பாட்டுக் குழுவுக்கும் அப்படித்தான். பி கிரேடு, பி ஹை, ஏ, டாப் என்று நீங்கள் கொடுக்கும் தரம், சபாக்கள் எட்டிப்பார்க்காத ஊர்களில் ஒரு கலைஞருடைய கூலியையே தீர்மானிக்கிறது. சென்னை மார்கழி சீசனில் நாதஸ்வரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொடக்க நாள் மங்கல இசைதான். ஒரு நாதஸ்வர வித்வான் உட்கார்ந்து அரை மணி ஒரே ராகத்தை ஆற அமர வாசித்து, அதைப் பல மாவட்டங்களில் கேட்கிறார்கள் என்றால் அது வானொலியில் மட்டும்தான் நடந்தது. நிகழ்ச்சி நேரம் சுருங்கினால் அவருக்கு வரும் அழைப்பு வருஷத்துக்கு இத்தனை என்பதும் சுருங்கும். ஆடிஷனில் தேறி, தரச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கோப்புகளையே கேளுங்கள்.

கர்நாடக சங்கீதத்தை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். மெல்லிசை என்று ஒரு வகையையே வளர்த்தது வானொலிதான். சினிமாப் பாட்டுக்கு மாற்றாக, 1950களில் நிலையங்களில் மெல்லிசைப் பிரிவுகள் வந்தன. கவிஞர்களின் பாடல்களை எடுத்து, நிலையத்திலேயே மெட்டமைத்து, நிலையக் கலைஞர்களை வைத்தே ஒலிப்பதிவு செய்தார்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் மாதிரி ஒருவர் சேர்ந்திசையை எடுத்துக்கொண்டு, தனிக் குரலையே கொண்டாடிப் பழகிய நமக்குப் பல குரல்கள் சேர்ந்து பாடுவதில் இருக்கும் அழகைக் காட்டினார். கிராமிய இசை நிகழ்ச்சிகள் இன்னொரு புதையல். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடத் தெரிந்த பாட்டிமார்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துவந்து மைக் முன்னால் உட்காரவைத்த நிறுவனம் நாட்டில் வேறு எது? தனியார் பண்பலை செய்யாது. செய்யவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் ஏலத்தில் உரிமம் எடுத்து விளம்பரத்தில் பிழைப்பவர்கள். அதைச் செய்யத்தான் பொது வானொலி என்று ஒன்றை வைத்திருக்கிறோம். முன்பு தபால் நிலையத்தில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸுக்குப் பணம் கட்டினோம். இப்போது அது இல்லை, வரிப்பணத்தில் கட்டுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். மத்திய அலையை யார் கேட்கிறார்கள் என்பீர்கள். சரி. எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றும் மத்திய அலையில் இரைச்சலைக் கொட்டுகிறது. புது வானொலிப் பெட்டிகள் பலவற்றில் அந்த அலைவரிசையே இருப்பதில்லை. செல்போனில் கிடைத்தாலும் பண்பலை மட்டும்தான். சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸும் திருச்சியின் 936ம் ராத்திரி நேரத்தில் பல நூறு கிலோமீட்டர் தாண்டிப் போன காலம் வேறு. பண்பலை சில பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலிபரப்பும் வழி மாறுவதற்கும் நிகழ்ச்சியின் மணி மாறுவதற்கும் என்ன சம்பந்தம்? மத்திய அலையில் எட்டு மணிக்கு வந்தது பண்பலையிலும் செயலியிலும் எட்டு மணிக்கே வரலாமே. சொல்லப்போனால், அலைவரிசை மாறித் தடுமாறும் நேயருக்குப் பிடித்துக்கொள்ள இருக்கும் ஒரே கம்பி அந்த நேரம்தான். அதையும் சேர்த்து மாற்றிவிட்டால் அவர் திரும்பி வரப்போவதில்லை.

சாஸ்திரிய சங்கீதத்துக்குத்தான் ‘ராகம்’ என்று இருபத்து நாலு மணி நேர அலைவரிசை இருக்கிறதே என்றும் சொல்வீர்கள். 2016 குடியரசு தினத்தன்று அதைத் தொடங்கினீர்கள், நல்ல காரியம். டி.டி. ஃப்ரீ டிஷ்ஷிலும் செயலியிலும் வருகிறது. நானும் கேட்கிறேன். ஆனால் அதைத் தேடிப்போய்த் திறப்பவர் ஏற்கனவே சங்கீதம் கேட்கிறவர். விவசாய நிகழ்ச்சி கேட்க வானொலியைப் போட்டவர், அது முடிந்த பிறகும் அணைக்காமல் விட்டதால் புல்லாங்குழலைக் கேட்டார் பாருங்கள், அந்த ஆளுக்கு ‘ராகம்’ எட்டாது. வட்டார நிலையத்தின் நடுவில் ஓர் இசை நிகழ்ச்சி இருப்பது அவருக்காக. விவித பாரதியின் இந்திச் சேவையில் ‘சங்கீத் சரிதா’ என்று ஒன்று பல பத்தாண்டுகளாக வருகிறது. ஒரு ராகத்தை எளிமையாக விளக்கி, அதில் அமைந்த திரைப்படப் பாட்டையும் போட்டுக் காட்டுவார்கள். சிறிய நிகழ்ச்சி. சினிமாப் பாட்டு கேட்க வந்தவரைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் அழைத்துவருகிறது. கேஸ்கர் தடை போட்டுச் சாதிக்க முடியாததை அது சத்தமில்லாமல் சாதிக்கிறது.

தேசிய அலைவரிசை என்று ஒன்று 1988இல் நாகபுரியிலிருந்து ஆரம்பமாயிற்று. இரவெல்லாம் ஒலிக்கும். 2019இன் தொடக்கத்தில் செலவைக் காரணம் காட்டி மூடினீர்கள். ராத்திரிக் காவலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் தூக்கம் வராத முதியவருக்கும் துணையாக இருந்த ஒன்று அது. அவர்கள் மனு கொடுக்கிற கூட்டம் இல்லை, அதனால் பெரிய எதிர்ப்பு எதுவும் கிளம்பவில்லை.

கூட்டம் கிளம்பினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கல்கத்தா நிலையத்தில் 1930களின் தொடக்கத்திலிருந்து மகாளய அமாவாசை விடியற்காலையில் ‘மஹிஷாசுரமர்த்தினி’ ஒலிக்கிறது. பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் சண்டிப் பாராயணம், பங்கஜ் மல்லிக்கின் இசை. நான்கு மணிக்கு வங்காளமே விழித்துக்கொள்ளும். 1976இல் யாருக்கோ ஒரு யோசனை வந்தது, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று. சாதாரண ஆளையா போட்டார்கள்? வங்கத் திரையுலகின் உச்சத்தில் இருந்த உத்தம் குமாரையே கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். பழைய நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்தப் பழைய பதிவுதான் ஒலிக்கிறது. இத்தனைக்கும் அன்றைக்கு அமலில் இருந்தது நெருக்கடி நிலை. எதற்கும் வாய் திறக்க யோசித்த காலத்தில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக வாய் திறந்தார்கள். நேயர் கணக்கெடுப்பில் இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

லண்டனிலும் இப்படி ஒன்று நடந்தது. பிபிசி தன் ‘6 மியூசிக்’ அலைவரிசையை மூடப்போவதாக 2010இல் அறிவித்தது. கேட்பவர்கள் குறைவு என்பதுதான் அங்கேயும் வாதம். எதிர்ப்பு வலுத்தது, அந்த ஆண்டே மூடும் யோசனையை, பிபிசியை மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்ட் நிராகரித்தது. அதற்குப் பிறகு நேயர் எண்ணிக்கை ஏறியது. அப்படி ஒரு அலைவரிசை இருப்பதே பலருக்கும் அந்தச் சண்டையில்தான் தெரிந்தது. அதாவது அதுவரை நிறுவனமே அதைப் பற்றி ஊருக்குச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. இது நமக்கும் பொருந்தும். ஆகாஷ்வாணியின் நல்ல இசை நிகழ்ச்சி எதற்காவது உங்கள் நிலையத்திலேயே முன்னறிவிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று? திட்டங்களுக்கு நாளெல்லாம் விளம்பரம் வருகிறது. நாளை இரவு யாருடைய கச்சேரி என்று மட்டும் வருவதில்லை.

இனி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு நிலையமும் மூன்றே மூன்று இசை நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். எவை என்று நான் சொல்லப்போவதில்லை. திருநெல்வேலிக்கு வில்லுப்பாட்டு தோன்றலாம், திருச்சிக்கு நாதஸ்வரம் தோன்றலாம், கோவைக்கு வேறொன்று. அந்த மூன்றின் கிழமையையும் மணியையும் ஐந்து வருஷத்துக்குத் தொடாதீர்கள். சென்னை நிகழ்ச்சியை வாங்கி அப்படியே மறுஒலிபரப்பு செய்யும் நேரம் எவ்வளவு கூடினாலும் சரி, அந்த மூன்று மட்டும் அந்தந்த நிலையத்தில், அந்த வட்டாரக் கலைஞர்களோடு உருவாகட்டும். நாட்டுக்கு ஏதாவது பெரிய காரியம் நடந்து அன்றைக்கு ஒலிபரப்ப முடியாமல் போனால், முந்தின நாளே சொல்லுங்கள், எப்போது வரும் என்பதையும் சேர்த்து.

ஆள் இல்லை என்பீர்கள். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது ஊரறிந்த விஷயம். பல நிலையங்களை இன்று தூக்கி நிறுத்துவது தற்காலிக அறிவிப்பாளர்கள். அவர்களுக்கு மாதத்தில் ஆறு பணிநாள்தான் என்ற வரம்பு வேறு. அந்த வரம்பு நியாயமா என்பது தனி வழக்கு, பலர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை வரும் நிகழ்ச்சிக்கு மாதத்தில் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள். ஒரே ஆளை ஒரே நிகழ்ச்சிக்கு வருஷம் முழுக்கப் போட்டாலும் உங்கள் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது! இப்போது நடப்பது என்ன? இந்த வாரம் ஒரு குரல், அடுத்த வாரம் இன்னொரு குரல். யாருக்கும் தயார் செய்துகொள்ள நேரமில்லை. சங்கீதம் தெரிந்த ஒரு தற்காலிக அறிவிப்பாளரைச் சங்கீத நிகழ்ச்சிக்கே ஒதுக்குவதற்கு டெல்லி உத்தரவு வேண்டுமா? டியூட்டி போடுகிறவர் நினைத்தால் அடுத்த மாதமே நடக்கும்.

மூன்றில் ஒன்றை ஆவணக் காப்பகத்துக்கு ஒதுக்கலாம். உங்கள் அலமாரிகளில் இருக்கும் ஸ்பூல் டேப்புகளில் இந்த நூற்றாண்டின் ஆட்கள் யாரும் கேட்காத கச்சேரிகள் தூங்குகின்றன. ‘ஆகாஷ்வாணி சங்கீத்’ என்ற பெயரில் 2003இலிருந்து சிலவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டீர்கள். யூடியூபிலும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறீர்கள். சந்தோஷம். பெரிய பெயர்கள்தான் அதிகமும் வெளியே வந்திருக்கின்றன. அந்தந்த நிலையத்தில் அரை மணி வாசித்துவிட்டு, பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்ட வித்வான்களும் அந்த டேப்புகளில் இருப்பார்கள். வாரம் ஒருவர் போதும். தேதி, ராகம், பக்கவாத்தியம் சொல்லி, அவர் எந்த ஊர்க்காரர், யாரிடம் கற்றார் என்று இரண்டு வரி சொல்லி ஒலிபரப்புங்கள். ஒலிபரப்பிய பிறகு ஒரு வாரம் செயலியில் கேட்கும்படி வையுங்கள். கலைஞருக்கோ குடும்பத்துக்கோ சேர வேண்டிய தொகையைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். டேப்பின் காந்தப் பூச்சு உதிராமல் நமக்காகக் காத்திருக்காது என்பது உங்கள் பொறியாளர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அறிவிப்பு பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். பாடியவர் பெயரையும் பக்கவாத்தியக்காரர்கள் பெயரையும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. கணினியில் ஓடவிட்டாலும் அதையும் சேர்த்தே பதிவு செய்து வைக்கலாம். விளம்பரம் வர வேண்டுமா, வரட்டும். தனி ஆவர்த்தனம் முடிந்து வரட்டும்.

1924இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளர் சில நண்பர்களோடு சேர்ந்து வானொலிக் கழகம் ஒன்றை ஆரம்பித்து ஒலிபரப்பினார். மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்து மூடவேண்டி வந்தது. கருவியை மாநகராட்சி எடுத்துக்கொண்டு, 1930இலிருந்து சாயங்கால நேரங்களில் சங்கீதம் ஒலிபரப்பியது. பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களைக் கேட்க வைத்தார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கும்வரை அது நடந்தது. அடுத்த மே மாதம் திருச்சி நிலையம் வந்தது. குப்பை வரியும் குழாய் வரியும் வசூலிக்கிற ஒரு மாநகராட்சிக்கு, சாயங்காலமானால் ஊருக்குச் சங்கீதம் போட வேண்டும் என்ற பொறுப்பு இருந்திருக்கிறது. ஒலிபரப்பையே தொழிலாகக் கொண்ட உங்களிடம் அதற்கு மேல் எதையும் கேட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த மடலுக்குத் தனியாகப் பதில் அனுப்பச் சிரமப்பட வேண்டாம். அடுத்த காலாண்டு சார்ட் தயாரானதும், மூன்று நிகழ்ச்சிகள் எவை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை ஒலிபரப்பிலேயே சொல்லிவிடுங்கள். காலைச் செய்தி முடிந்த கையோடு சொன்னால் நிறையப் பேர் காதில் விழும்.

இப்படிக்கு,
ஒரு நேயர்